விட்டுப் பிடி!

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



"கட்டுரை எழுதிக் கொடு, கவிதை மட்டும் வேண்டாம், காதல் கவிதையே இந்த முறை கட்டுக்கட்டாக வந்து கிடக்கிறது" என்று மலர்க்குழு நண்பர் கேட்டுக் கொண்டதால் இந்தப் பக்கங்கள் உங்கள் தலையில் விழுகின்றன. தலையில் விழுவதைப் பற்றித்தான் கட்டுரையும்!

தெருவில் மரம் வெட்டும்போது கிளையைக் கயிறு கட்டி இறக்குகிறார்களே, அந்தக் கயிற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "இதுல என்னடா இருக்கு, இது மெக்கானிக்கலா விவசாயமா?" என்று என் ரூம்மேட் கேட்டான். மெக்கானிக்கல்தான். அதிலும் நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் பத்து மார்க் கேள்விக்காக உருப்போட்டு, பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்து போன ஒரு சூத்திரம்தான் இதில் முழு விஷயமும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். நம் துறையில் வருஷா வருஷம் ப்ராஜெக்ட் என்ற பெயரில் எங்கோ ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கி, பெயின்ட் அடித்து, வைவா முடிந்ததும் ஸ்டோர் ரூமில் போடுகிற 'ஆட்டோமேட்டிக்' சமாச்சாரங்கள் போதும். ஒரு பேட்ச்சாவது மரக்கிளையை உராய்வால் இறக்குகிற ஒரு கருவியைச் செய்யட்டும். ஒரு குழாய், இரண்டு கம்பி, ஒரு வளையம். வெல்டிங் ஷாப்பில் இரண்டு மதியம். ஆனால் செய்வதை விட, அதைச் சோதித்துக் கொடுப்பதுதான் பெரிய வேலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் மரம் இறக்குவது எப்படி என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஒரு தென்னை. அடியோடு வெட்டிச் சாய்க்க இடம் கிடையாது. ஒருவர் மேலே ஏறுவார். முதலில் மட்டைகள், குலைகள். பிறகு மரத்தையே மேலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கொண்டே இறங்குவார். ஒவ்வொரு துண்டையும் அறுக்கும் முன் கயிறு கட்டுவார்கள். அந்தக் கயிறு, அறுக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கட்டிய கப்பி வழியாகத் தரைக்கு வரும். தரையில் ஒருவரோ இருவரோ பிடித்திருப்பார்கள். பல இடங்களில் கப்பியும் இருக்காது. கவட்டை இருக்கிற மரமென்றால் அந்தக் கவட்டையே கப்பி.

கையால் மட்டும் பிடித்தால் என்ன ஆகும்? இரண்டு ஆள் உடல் எடைக்கு மேல் போகிற எதுவும் அவர்களைத் தூக்கிக் கொண்டு போகும். அதனால் கயிற்றை அடிமரத்திலோ பக்கத்து மரத்திலோ ஒன்றிரண்டு சுற்று சுற்றிப் பிடிப்பார்கள். சிலர் உள்ளங்கையில் சுற்றிக் கொள்வார்கள். நான் பார்த்த ஒரு வேலையில் இளைஞர் ஒருவர் மணிக்கட்டில் சுற்றிக் கொண்டு நின்றார். கிளை இறங்கிய வேகத்தில் கயிறு அவரை மரத்தோடு கொண்டு போய் அடித்தது. கை முறியவில்லை, ஆனால் விரல்களின் உள்தோல் முழுக்க உரிந்து விட்டது. வீட்டுக்காரர் மஞ்சள் பற்றுப் போடச் சொல்லி, அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பினார். அடுத்த மூன்று வாரத்துக்கு யார் கூலி கொடுத்தது என்று கேட்காதீர்கள்.

இப்போது சூத்திரத்துக்கு வருவோம். பெல்ட் டிரைவ் பாடத்தில் வந்ததே, இறுகிய பக்கத்து இழுவைக்கும் தளர்ந்த பக்கத்து இழுவைக்கும் உள்ள விகிதம்? 'இ' என்ற எண்ணின் அடுக்கில் உராய்வுக் குணகம் மியூவையும், சுற்றின் கோணம் தீட்டாவையும் பெருக்கிப் போடுவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் கண்டு, அவருக்குப் பின் ஐட்டெல்வைன் பயன்படுத்திப் பரப்பிய கணக்கு. துறைமுகத்தில் ஒரு கப்பலை ஒற்றை ஆள் இரும்புக் கட்டையில் நாலு சுற்று சுற்றி நிறுத்துகிறாரே, அதுவும் இதே கணக்குத்தான்.

மியூ 0.25 என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு விகிதம் சுமார் 4.8. இரண்டு சுற்றுக்கு 23. மூன்று சுற்றுக்கு 111. கூட்டல் இல்லை நண்பர்களே, பெருக்கல்! 30 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பச்சைக் கிளையை எடுத்துக் கொள்வோம். பச்சை மரத்தைப் பாதுகாப்புக்காகத் தண்ணீர் எடை என்றே கொண்டால், கிளை சுமார் 200 கிலோ. சுற்று இல்லாவிட்டால் கையில் 200 கிலோ. ஒரு சுற்றில் 42 கிலோ. இரண்டு சுற்றில் 9 கிலோவுக்கும் குறைவு. மூன்று சுற்றில் 2 கிலோ கூட இல்லை. நம் டிராயிங் போர்டு எடை.

அப்படியானால் எப்போதும் மூன்று சுற்று போட்டு விட்டால் போச்சே என்று தோன்றும். இங்கேதான் என் பெரியப்பா வருகிறார். பேராவூரணிப் பக்கம் முப்பது வருஷமாக மரம் ஏறுகிறவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். செமஸ்டர் லீவில் ஒரு நாள் நோட்டை எடுத்துக் கொண்டு போய் இந்தக் கணக்கை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"மூணு சுத்து போட்டா இறங்காது தம்பி. மேலயே நிக்கும். கீழ இருக்கிறவன் கயித்த உள்ள தள்ளித் தள்ளி விடணும். திடீர்னு ஒரு சுத்து நழுவும், அப்ப ஒரே வெட்டு வெட்டும் பாரு, மேல இருக்கிறவனுக்கு ஈரக்குலை ஆடிடும். வேப்ப மரம்னா பட்டை சொரசொரன்னு இருக்கும், ஒண்ணு போதும். நெட்டிலிங்கம்னா வழவழப்பு, ஒண்ணரை. மழை பேஞ்சிருந்தா மறுபடி யோசிக்கணும். இழுத்துப் புடிக்க எவனாலயும் முடியும். விட்டுப் புடிக்கத்தான் ஆள் வேணும்."

மியூ என்ற வார்த்தையே இல்லாமல் மியூவைப் பற்றி இவ்வளவு தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சுற்று அதிகமானால் இறங்காது, குறைந்தால் நிற்காது, பட்டைக்குப் பட்டை மியூ மாறும், ஈரத்தில் மாறும். இது அத்தனையும் அவர் உள்ளங்கையில் இருக்கிறது. (உள்ளங்கையைப் பார்த்தால் தெரியும். தோல் என்று சொல்ல முடியாது, செருப்புத் தோல் மாதிரி இருக்கும்.)

சரி, அடிமரத்தில் சுற்றினாலே வேலை நடக்கிறதே, கருவி எதற்கு? நியாயமான கேள்வி.

முதலில் மரப்பட்டை வெப்பத்தைக் கடத்தாது. 200 கிலோ கிளை 8 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 15,700 ஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். பட்டை வாங்கிக் கொள்ளாது, கயிறுதான் வாங்கும். கடைத்தெருவில் நைலான் கயிறு என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிற நீலக் கயிறும் மஞ்சள் கயிறும் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அது 165 டிகிரி வாக்கில் உருகி விடும். அதற்கு வெகு முன்பே இளகும். உண்மையான நைலான் 220 டிகிரி வாக்கில்தான் உருகும். ஓடி முடித்த கயிற்றைத் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். அது உருகி ஆறிய இடம். அதே ஆற்றலை மூன்று கிலோ இரும்புக் குழாய் முழுக்க வாங்கிக் கொண்டால் குழாயின் வெப்பம் ஏறுவது சுமார் 10 டிகிரி! தெர்மல் பாடத்தில் போடும் சாதாரணக் கணக்கு. ஆனால் விடாமல் பத்துத் துண்டு இறக்கினால் குழாயைத் தொட முடியாது, அதையும் சொல்லி விடுகிறேன்.

இரண்டாவது, மரத்தில் சுற்றைக் கூட்ட வேண்டுமென்றால் கயிற்றோடு ஆள் மரத்தைச் சுற்றி ஓட வேண்டும். பாரம் தொங்கும்போது, அதன் அடியிலேயே! குழாயில் என்றால் நின்ற இடத்திலிருந்து கையை ஒரு வீசு வீசினால் அரைச்சுற்று ஏறும், இறங்கும். வேம்புக்கு ஒன்று, நெட்டிலிங்கத்துக்கு ஒன்றரை என்ற சங்கதியும் இல்லை. எந்த மரத்தில் கட்டினாலும் கயிறு உரசுவது அதே இரும்பில்தான். பக்கத்து மரத்தின் பட்டை உரிந்து அது பட்டுப் போவதும் மிச்சம்.

வெளிநாட்டில் இது புதிது இல்லை. அமெரிக்காவில் போர்ட்-எ-ராப் என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. ஒரு குழாய், ஒரு முனையில் வளையம், அதில் பட்டைக் கயிறு கோத்து அடிமரத்தில் கட்டுவார்கள். சுற்று நழுவி வராமல் குறுக்கே கம்பிகள். அவ்வளவுதான். ஜி.ஆர்.சி.எஸ். என்று இன்னும் பெரியது ஒன்று உண்டு. அதை மரத்தோடு பட்டை போட்டு இறுக்கி விட்டு, பாய்மரப் படகில் இருக்கிற மாதிரி வின்ச்சை மாட்டினால் தூக்கலாம், உருளையை மாட்டினால் இறக்கலாம். இங்கிலாந்தில் தொழில் பாதுகாப்பைக் கவனிக்கும் எச்.எஸ்.இ. என்ற அரசு அமைப்பு, மரத்தைத் துண்டு துண்டாக இறக்கும் முறைகளைச் சோதித்து 2008இல் ஒரு தனி ஆய்வறிக்கையே வெளியிட்டது. மரம் வெட்டுவதற்கு ஆராய்ச்சியா என்று நாம் சிரிப்போம். அவர்கள் மரத்தில் லோடு செல் கட்டிப் பார்க்கிறார்கள்.

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம். தயவு செய்து இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள்.

உராய்வுக் கருவி என்றால் 'பிரேக்' என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பிடித்து நிறுத்துவது. அது பாதிதான். தென்னையின் ஒன்றரை மீட்டர்த் துண்டு ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள், சுமார் 100 கிலோ. அதன் எடைமையம் கப்பிக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கிறது. அறுத்துத் தள்ளியதும் தலைகீழாக வந்து, கயிறு இறுகும்போது எடைமையம் கப்பிக்கு ஒரு மீட்டர் கீழே வந்திருக்கும். ஆக 2 மீட்டர் சும்மா விழுந்து விட்டது. இப்போது கீழே இருப்பவர் மூன்று சுற்று போட்டுக் கெட்டியாகப் பிடித்திருக்கிறார். கயிறு நீண்டு கொடுக்கிற கால் மீட்டருக்குள் துண்டு நின்றாக வேண்டும். வேலை-ஆற்றல் கணக்குப் போடுங்கள். கயிற்றில் சராசரி இழுவை, எடையைப் போல் ஒன்பது மடங்கு. 900 கிலோ. உச்சத்தில் அதற்கும் மேல். கப்பியில் இரண்டு பக்கமும் கயிறு கீழ்நோக்கி இழுப்பதால் கப்பி கட்டிய இடத்தில் 1800 கிலோ.

அதே துண்டை, அதே கருவியில், நிறுத்தாமல் 2 மீட்டர் ஓட விட்டு நிறுத்தினால்? கயிற்றில் 200 கிலோ. கப்பியில் 400.

1800 எங்கே, 400 எங்கே! இரண்டுக்கும் வித்தியாசம் இரும்பில் இல்லை, விட்டுப் பிடிக்கிற கையில் இருக்கிறது. அந்தக் கப்பி எந்த மரத்தில் கட்டியிருக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். மேலே ஏறியவர் தன்னை இடுப்போடு கட்டிக் கொண்டு நிற்பதும் அதே மரத்தில்தான். கீழே ஒருவர் 'நல்லாப் புடிச்சிட்டேன்' என்று நினைக்கிற அந்த நொடியில், மேலே ஒருவர் சவுக்குக் கம்பு நுனியில் உட்கார்ந்த மாதிரி ஆடுகிறார். பெரியப்பா சொன்ன ஈரக்குலை இதுதான்.

எங்கள் பக்கம் ஏறுகிறவருக்கு ஒரு கூலி, கயிறு பிடிக்கிறவருக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. மேலே இருப்பவர் உயிர் கீழே இருப்பவர் விரலில் இருக்கும்போது, 'சும்மா கயிறு புடிக்கிற ஆள்' என்று அன்றைக்குக் காலையில் டீக்கடையில் கிடைத்தவரைக் கூட்டி வந்து நிறுத்துவது என்ன நியாயம்? கருவி வந்தால் அதைப் பழகிய ஆள் தேவைப்படுவார். தேவைப்பட்டால் கூலியும் பேச முடியும். இது என் ஆசை. நடக்குமா என்பது வேறு.

"கிரேன் இருக்கே, ஜே.சி.பி. இருக்கே" என்பார்கள். இருக்கிறது, ரோட்டு மேலே. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது மெயின் ரோடுகளில் இயந்திரம் வந்தது. சந்துக்குள், கிணற்றடியில், ஓட்டு வீட்டின் மேலே பாதி சாய்ந்து தொங்கிய மரத்துக்கு? 2018 நவம்பர் 16இல் கஜா வந்த பிறகு எங்கள் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை விழுந்து கிடந்தது. விழுந்தது விழுந்து விட்டது. விழாமல் வீட்டின் மேல் சாய்ந்து நின்றவைதான் மாதக் கணக்கில் வேலை வாங்கின. அத்தனையும் கயிறும் கையும்தான். மரம் ஏறுவதற்காவது இயந்திரம் வந்தது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று திட்டம் போட்டு, இளைஞர்களுக்கு ஏறும் கருவியில் பயிற்சியே கொடுத்தது. ஏறுவதற்குக் கருவி என்று யோசித்த நாம், ஏறியவர் வெட்டுவதை இறக்கவும் ஒன்று வேண்டும் என்று ஏன் யோசிக்கக் கூடாது?

இன்னொரு நண்பன் சொன்னான்: "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இல்லடா, கொடுத்தாலும் மூலையில போட்டுடுவாங்க." இதுதான் எனக்குக் கோபம் வருகிற பேச்சு. பெல்ட் உராய்வைப் பட்டையைத் தடவிப் பார்த்துச் சொல்கிறவருக்கு ஒரு குழாயைப் பழக எவ்வளவு நேரமாகும்? போன பொங்கல் லீவில் ஒரு பழைய குழாய்த் துண்டை வேப்பமரத்தடியில் கட்டி, மணல் மூட்டையை வைத்து இறக்கிக் காட்டினேன். பெரியப்பா மூன்றாவது தடவையே என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி விட்டார். "வளையம் சின்னதா இருக்கு, கயிறு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது, குறுக்குக் கம்பிய இன்னும் தள்ளி வை" என்று மூன்று திருத்தமும் சொன்னார். நம் டிசைன் ரிவ்யூ இவ்வளவு சீக்கிரம் முடிந்ததுண்டா?

ஆனால் மணல் மூட்டை வேறு, மனுஷன் உயிர் வேறு. அந்தக் குழாயை நான் திரும்பக் கொண்டு வந்து விட்டேன். அவர் கேட்டும் கொடுக்கவில்லை. வெல்டிங் ஷாப்பில் நாம் போடும் ஃபில்லெட் வெல்டை நாமே நம்ப மாட்டோம். தட்டினால் ஸ்லாக்கோடு சேர்ந்து வருகிற வெல்டும் உண்டு. மரத்தடியில் அது பிரிந்தால் சூத்திரம் எதுவும் காப்பாற்றாது. அதனால்தான் சோதிப்பது பெரிய வேலை என்று முதலில் சொன்னேன்.

நான் போட்ட கணக்கு இது, தப்பிருந்தால் திருத்துங்கள். குழாய் இரண்டரை இஞ்ச், வெளிவிட்டம் 76 மி.மீ., கனமான ரகம். 40 செ.மீ. துண்டு மூன்று கிலோ சொச்சம் வரும். சூத்திரத்தில் விட்டத்துக்கு இடமே இல்லை, எந்த விட்டத்திலும் ஒரே பிடிதான். பரீட்சைக்கு அது சரி. கயிற்றுக்கு அது சரியில்லை. சின்ன விட்டத்தில் வளைத்தால் கயிற்றின் வெளிநார்கள் மட்டும் இழுபட்டுப் பலம் குறையும். குழாய் விட்டம் கயிற்றைப் போல் நான்கு மடங்காவது இருக்கட்டும். கயிறு 16 மி.மீ. அசல் நைலான், புதிதாக இருக்கும்போது அறுபடு பலம் ஐந்து டன் வாக்கில். பத்தில் ஒரு பங்குதான் வேலைப் பாரம் என்று வைத்தால் 500 கிலோ. முடிச்சு போட்டால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய் விடும், அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் அதுவும் அடக்கம். கயிறு 200 கிலோ கிளையை ஓட விட்டு இறக்கும். திடுக்கென்று நிறுத்தினால் தாங்கும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கருவி வந்த பிறகு வருகிற ஆபத்து ஒன்று உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. கை லேசாக இருக்கிறதே என்று துண்டைப் பெரிதாக வெட்ட ஆரம்பிப்பார்கள். 50 கிலோவாக இறக்கியவர் 300 கிலோவை இறக்கப் பார்ப்பார். கீழே இருக்கிற கைக்குத்தான் பாரம் குறைகிறதே தவிர, மேலே இருக்கிற கப்பிக்கும் கயிற்றுக்கும் ஒரு கிலோ கூடக் குறையவில்லை. ஆகவே குழாயின் மேலேயே பஞ்சால் அடித்து, தமிழில், 'துண்டு 200 கிலோவுக்கு மேல் கூடாது' என்று எழுத வேண்டும். 30 செ.மீ. பருமன் என்றால் எத்தனை முழம் என்று முழத்திலேயே ஒரு அட்டவணையும் கொடுக்க வேண்டும். மரத்தின் மேலே தராசு இல்லை. முழம் எல்லோர் கையிலும் இருக்கிறது.

துறைத்தலைவர் சாருக்கும் மெட்டீரியல் டெஸ்டிங் லேப் சாருக்கும் இந்த மலர் வழியாகவே ஒரு விண்ணப்பம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் யு.டி.எம். சனிக்கிழமை மதியம் சும்மாதான் இருக்கிறது. மூன்று மதியம் கொடுங்கள். முதல் மதியம் மூன்று குழாய்களைச் செய்து ஒவ்வொன்றையும் ஒரு டன் வரை இழுத்துப் பத்து நிமிஷம் பிடித்து, வெல்டில் டை பெனிட்ரன்ட் போட்டுப் பார்ப்போம். இரண்டாவது மதியம் அதில் ஒன்றை உடையும் வரை இழுத்து, எங்கே உடைகிறது என்று குறித்துக் கொள்வோம். மூன்றாவது மதியம் கயிற்றை நனைத்தும் காய வைத்தும் குழாயில் சுற்றி மியூவை அளப்போம். அன்றைக்குப் பெரியப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். பஸ் செலவு என்னுடையது. ஸ்டோர் ரூம் பின்னால், பழைய டிரில்லிங் மெஷின் பக்கத்தில், இரண்டரை இஞ்ச் குழாய் ஒன்றரை மீட்டர் துருப்பிடித்துக் கிடக்கிறது. மூன்று துண்டுக்கு அது போதும்.